அவசரப்பட விடாத சட்டம்

வானிலிருந்து விழுந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்துண்டுகள் வத்திக்கானின் சேமிப்பில் இருக்கின்றன. அவற்றைப் பல ஆண்டுகள் பராமரித்து, 2015-இல் வத்திக்கான் வானாய்வகத்துக்கே இயக்குநரானவர் கை கன்சல்மேக்னோ. அமெரிக்கர், கோளறிவியலில் முனைவர். 4597 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இயேசு சபைத் துறவியான இவரை ‘ஃபாதர்’ என்று அழைப்பது தவறு. அவர் ‘பிரதர்’.

பிரதர் என்றால் ஃபாதர் ஆகும் வழியில் பாதி தூரம் வந்தவர் என்றுதான் நம்மில் பலருக்கும் நினைப்பு. குருமடத்து மாணவர்களையும் நாம் பிரதர் என்றே கூப்பிடுவதால் வந்த குழப்பம் இது. துறவற சகோதரரின் கதை வேறு. அவர் திருப்பலி நிறைவேற்றுவதில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பதில்லை. குருப்பட்டம் அவருடைய இலக்கே இல்லை. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்பதாகக் கடவுள் முன் வாக்குக் கொடுத்து (இதற்கு ‘வார்த்தைப்பாடு’ என்று பெயர்) ஒரு சபையில் சேர்ந்து வாழ்கிறார். வகுப்பறை, மருத்துவமனை, தச்சுப்பட்டறை, தொலைநோக்கி என்று அவருடைய வேலை எங்கும் இருக்கலாம்.

குருக்களே இல்லாத சபையைத் திட்டமிட்டே உருவாக்கியவர் ஒரு குரு என்பது வேடிக்கை. பிரான்சின் ரீம்ஸ் நகரத்து ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால், 1680 வாக்கில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசிரியர்களைத் திரட்டினார். குருவானால் பூசைக்கும் பங்குக்கும் போய்விடுவார்கள், பள்ளிக்கூடம் இரண்டாம்பட்சமாகிவிடும் என்பது அவர் கணக்கு. அன்று குருத்துவத்துக்கு வாசல் லத்தீன். அந்த வாசலையே சாத்தினார்: லத்தீன் தெரிந்த சகோதரரும் தெரியாதவர் போலவே இருக்க வேண்டும் என்று சபையின் ஒழுங்கில் எழுதிவைத்தார்!

சரி, ஒருவர் எப்படி பிரதர் ஆகிறார்? 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. ஆளை இழுத்துப் போடுவதைவிட நிறுத்தி நிதானிக்க வைப்பதில்தான் அதற்கு அக்கறை. திருமண உறவில் இருப்பவர் சேர முடியாது. திருப்பிக் கொடுக்க வழியில்லாத கடனாளியைச் சேர்க்கக் கூடாது. மிரட்டியோ ஏமாற்றியோ சேர்த்திருந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது.

இந்தப் பாதையின் இதயம் நவதுறவு, அதாவது துறவு வாழ்வை வாழ்ந்தே பழகிப் பார்க்கும் காலம். அதற்கென ஒதுக்கிய இல்லத்தில் 12 மாதங்கள். அந்த நாட்களில் பட்டப்படிப்போ வேறு பொறுப்போ குறுக்கிடக் கூடாது. பயிற்றுநருக்கும் கவனம் சிதறும்படி வேறு சுமைகள் ஏற்றக் கூடாது. விடுப்புக் கணக்கு இன்னும் சுவையானது. 15 நாட்களுக்கு மேல் வெளியில் இருந்தால் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும். தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ மூன்று மாதங்களைத் தாண்டினால் ஆண்டு முழுவதும் செல்லாது. நம் கல்லூரிகள் கேட்கும் அதே 75 சதவீத வருகைப்பதிவு! இயேசு சபையில் நவதுறவு இரண்டு ஆண்டுகள். 30 நாள் மௌன தியானமும், மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடையும் அதில் அடங்கும். பிடிக்கவில்லையா? நவதுறவி எந்த நாளிலும் கிளம்பிப் போகலாம்.

நவதுறவு முடிந்ததும் முதல் வார்த்தைப்பாடு. பெரும்பாலான சபைகளில் அதற்கும் காலாவதி உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே வாக்குக் கொடுக்கிறார்கள். மொத்தம் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல், சாதாரணமாக ஆறுக்கு மிகாமல். அதன் பிறகே நித்திய வார்த்தைப்பாடு. நவதுறவில் சேரக் குறைந்தபட்ச வயது 17, முதல் வாக்குக்கு 18, நித்திய வாக்குக்கு 21. இடைவெளிகளைப் பாருங்கள்: ஓராண்டு நவதுறவு, மூன்றாண்டு தற்காலிக வாக்கு. வயதும் காலமும் அச்சாகப் பொருந்துகின்றன. தயங்குபவருக்கும் இடமுண்டு. நவதுறவை இரண்டரை ஆண்டு வரையிலும், தற்காலிக வாக்கை ஒன்பது ஆண்டு வரையிலும் நீட்டிக்கலாம். ஆக, பதினொன்றரை ஆண்டுகள் யோசிக்கலாம். கல்யாணத்துக்குக் கூட யாரும் நமக்கு இவ்வளவு அவகாசம் தருவதில்லை. இயேசு சபையினர் மட்டும் விதிவிலக்கு. முதல் வாக்கையே நிரந்தரமாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அவர்களை முழுமையாகச் சேர்த்துக்கொள்ள சபை மேலும் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது.

பணம்? இங்கேதான் சட்டத்தின் நுட்பம் என்னை அசத்துகிறது. முதல் வாக்குக்கு முன் தன் சொத்தின் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். சொத்தையே கைவிடச் சொல்வதில்லை, ஏனென்றால் ஆள் திரும்பிப் போகக்கூடும். நித்திய வாக்குக்கு முன் நாட்டின் சட்டப்படியும் செல்லுபடியாகும் உயில் எழுத வேண்டும். அவர் உழைத்துச் சம்பாதிப்பது சபைக்குச் சேரும். பிற்காலத்தில் விலகினால் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது. ஆனால் விலகுபவரை நியாயத்தோடும் அன்போடும் நடத்தும் கடமை சபைக்கு உண்டு.

தன்னைத் திருத்திக்கொள்வதிலும் இந்தச் சட்டம் அவசரப்படுவதில்லை. குருக்களும் சகோதரர்களும் கலந்து வாழும் குருத்துவ சபைகளில் தலைமை குருக்களுக்கே என்பதுதான் நெடுங்கால விதி. 2022 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அதைத் தளர்த்தினார். இப்போது ஒரு பிரதரை இல்லத் தலைவராகச் சபையின் உயர் தலைவரே, தன் ஆலோசனைக் குழுவின் இசைவோடு, நியமிக்கலாம். மாநிலத் தலைவர் போன்ற மேல் பதவிகளுக்கு ரோமிலிருந்து எழுத்துப்பூர்வ அனுமதி வர வேண்டும்.