காய்ச்சலோடு திரும்பும் பயணிகள்

மஸ்கெலியா தோட்டப்புறங்களிலிருந்து இந்தியா செல்வோர் பலர். சிலர் சபரிமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் யாத்திரை போகின்றனர். வேறு சிலர், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி நீலகிரியில் குடியேறிய உறவினரைக் காணச் செல்கின்றனர். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் அலைபவர்கள், உடல்நலத்தைப் பற்றியும் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

1934-35இல் ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைப் பலிகொண்ட மலேரியாவை வென்ற நாடு இலங்கை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் அதனை உறுதிப்படுத்தியது. இந்தியாவிலோ அந்நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அதைப் பரப்பும் நுளம்பு நம் நாட்டிலும் உண்டு. எனவே, ஒருவர் கொண்டுவரும் கிருமி ஊராருக்கும் பரவக்கூடும்.

நமது வெற்றியிலேயே ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. இங்கு அரிதாகிவிட்ட நோய் என்பதால், காய்ச்சல் என்றதும் டெங்குவே முதலில் நினைவுக்கு வருகிறது. பயண விபரத்தை நோயாளி கூறாவிடின் சிகிச்சை தாமதமாகும். பல்சிபாரம் வகை மலேரியா சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கவல்லது. வைவெக்ஸ் வகை பல மாதங்கள் கழித்தும் தலைதூக்கும்.

செல்லும் இடத்துக்குத் தடுப்பு மாத்திரை தேவையா என்பதைப் புறப்படுமுன் மலேரியா எதிர்ப்பு இயக்கத்திடம் கேட்டறிய வேண்டும். அங்கு அது இலவசமாகவே வழங்கப்படுகிறது. மாத்திரையை நாடு திரும்பியதும் நிறுத்திவிடாது, வைத்தியர் கூறிய காலம்வரை உட்கொள்ள வேண்டும். இரவில் நுளம்பு வலை அவசியம்.

திரும்பிய ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், எந்நாட்டுக்குச் சென்றோம் என்பதையே வைத்தியரிடம் முதலில் கூறுவோம். யாத்திரைக் குழுத் தலைவர்களும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்களும் இதனை எடுத்துரைப்பது கடமையாகும்.