மகள் எலி லேபுக்குப் போகிறேன் என்கிறாளா?

பீர்க்கன்கரணையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் ஹாரன் சத்தம் ஓயாது. ‘இந்தச் சத்தத்துல புள்ளைங்க படிக்கறது எப்படித்தான் மண்டையில ஏறுமோ!’ என்று அலுத்துக்கொள்கிறீர்கள், இல்லையா? இதே கேள்வியை எலிகளிடம் கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லீங்க... இதோ, தரமணியில்!

அங்கேதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது. அதன் உடலியல் துறையினர் எலிகளைத் தொடர்ந்து பெருஞ்சத்தத்தில் இருக்க வைத்து, ஞாபகசக்தியைச் சோதித்து, முடிவை 2006-ல் வெளியிட்டார்கள். சத்தத்தில் இருந்த எலிகள் அதிகம் தப்பு செய்தன. மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. நினைவுக்குப் பொறுப்பான பகுதிகளில், நரம்பு செல்களின் கிளைகள் குறைந்திருந்தன. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், எங்கே தேட வேண்டும் என்று அது வழி காட்டுகிறது.

மூளையில் நடப்பதையும் நடத்தையில் தெரிவதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் இந்தப் படிப்புக்குத்தான் நடத்தை நரம்பியல் என்று பெயர். உங்கள் மகளோ மகனோ, ‘இதுலதான் ஆராய்ச்சி பண்ணப் போறேன்’ என்று வந்து நின்றால்? ‘எலியா... ஐயையோ!’ என்று பதறாதீர்கள். முதலில் அங்கே என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எட்டு கை மேடை

நடுவில் ஒரு வட்டம். அதிலிருந்து எட்டுப் பக்கமும் நீளும் எட்டுப் பாதைகள். சில பாதைகளின் முனையில் மட்டும் தீனி. 1976-ல் ஓல்டன், சாமுவேல்சன் என்ற இருவர் அறிமுகப்படுத்திய சோதனை இது. சற்று முன் தின்று தீர்த்த பாதைக்கே எலி மறுபடி போனால் ஒரு வகைத் தப்பு. என்றைக்குமே தீனி வைக்காத பாதைக்குப் போனால் இன்னொரு வகை. இப்போதுதான் காலி செய்த சர்க்கரை டப்பாவையே நீங்கள் மறுபடி திறப்பதற்கும், சர்க்கரைக்காகப் பருப்பு டப்பாவைத் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்!

இதில் மாணவரின் வேலை? பல நாட்கள் எலியைக் கையில் எடுத்துப் பழக்குவது, எடை பார்ப்பது, தினமும் ஒரே நேரத்தில் சோதிப்பது, ஒவ்வொரு எலிக்குப் பிறகும் மேடையைத் துடைப்பது. முந்தைய எலியின் வாசனை மிச்சமிருந்தால் அடுத்தது அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும். சென்ட், மல்லிகைப்பூவுக்கெல்லாம் அன்று லீவு! எலிக்கோ ஞாயிறு, தீபாவளி எதுவும் கிடையாது. ஆக, இதற்கு முதல் தகுதி மார்க் இல்லை. பொறுமை.

மனசுக்கும் உடம்புக்கும்

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூளையைப் பரிசோதிக்க, பல ஆய்வுகளில் கடைசியில் எலியைக் கொல்ல வேண்டியிருக்கும். 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கு விதிமுறைகள் உண்டு. நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் சோதனையைத் தொடங்கக் கூடாது. வலி குறைவாக இருக்க வேண்டும், எலிகளின் எண்ணிக்கையும் குறைவாக இருக்க வேண்டும். அப்படியிருந்தும், சில பிள்ளைகளுக்கு அன்று ராத்திரி சோறு இறங்காது. ‘இதுக்கெல்லாமா அழுவே?’ என்று கேலி செய்யாதீர்கள். ‘என்னால முடியலை’ என்று பிள்ளை சொன்னால், எலி இல்லாத மூளை ஆராய்ச்சியும் இருக்கிறது. உதாரணத்துக்கு, சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-ல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளையை நுண்ணிய படங்களாகப் பதிவு செய்கிறது. அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கும் வேலை உண்டு.

உடம்பு விஷயத்தில் கவனம் தேவை. எலியின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் உள்ள புரதங்கள் சிலருக்கு அலர்ஜி தரும். தும்மல், கண் அரிப்பு என்று ஆரம்பித்து இளைப்பு வரை போகலாம். ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால், சேருவதற்கு முன்பே டாக்டரிடமும் வழிகாட்டிப் பேராசிரியரிடமும் சொல்லிவிட வேண்டும். கையுறை, முகக்கவசம், லேப் கோட் கட்டாயம். அந்தக் கோட்டோடு வீட்டுக்கு வரக் கூடாது! எலி கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, டாக்டரைப் பார்க்க வேண்டும். ‘சின்னக் கடிதானே’ என்று மறைப்பதுதான் ஆபத்து.

சேருவது எப்படி?

விலங்கியல், உயிர்வேதியியல், உளவியல்... எதிலிருந்தும் வரலாம். கல்லூரியில் படிக்கும்போதே, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு ஆய்வகத்தில் இருந்து பார்த்தாலே, ‘இது நமக்கு ஒத்து வருமா?’ என்று தெரிந்துவிடும். எம்.எஸ்ஸி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட தொகை இது. பிஎச்.டி. முடிக்க ஐந்து வருஷம் போல ஆகும்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுதும்போது, ‘மதிப்பிற்குரிய ஐயா, எந்த வேலையானாலும் செய்வேன்’ என்று பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டாம். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் தோன்றிய ஒரு கேள்வியை எழுதச் சொல்லுங்கள். பதில் வர அதுதான் நல்ல வழி.

சேருவதற்கு முன் பிள்ளை கேட்க வேண்டியவை: முந்தைய மாணவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள்? உதவித்தொகை ஒழுங்காக வருகிறதா? இரவு வேலை உண்டா? அப்படியானால் துணைக்கு யார் இருப்பார்கள்? இந்தக் கேள்விகளை அந்த ஆய்வகத்தின் சீனியர் மாணவர்களிடம் கேட்டால் உண்மை வெளிவரும். பெருங்களத்தூரில் ரயிலேறி, கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்வர வேண்டிய பெண் என்றால் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம்.

‘ஐந்து வருஷமா! கல்யாணம் எப்போ?’ என்று பாட்டி கேட்கத்தான் செய்வார். பதில் சொல்லும் முன் உங்கள் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். எறும்பு வரிசையை அரை மணி நேரம் அசையாமல் பார்க்கிற ரகமா? ‘ஏன் இப்படிப் போகுது?’ என்று துளைத்தெடுக்கிற ரகமா? அப்படியானால் தடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டுச் சத்தம் உங்களுக்கு வெறும் தலைவலி. அந்தப் பிள்ளைக்கு அது ஒரு கேள்வி!