ஆளுமையும் நிபந்தனையற்ற ஏற்பும்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள திருப்பருத்திக்குன்றத்திற்குச் சினகாஞ்சி என்றும் பெயர் உண்டு. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 14ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் விசயநகர அமைச்சர் இருகப்பர். அம்மண்டபத்தின் விதானத்தில் ரிஷபதேவர், வர்த்தமானர் முதலியோரின் வாழ்க்கை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளது. ஒரு காட்சியோடு பார்வையை நிறுத்திவிட்டால் அது யாருடைய கதை என்பதே விளங்காது. அரண்மனையில் இருந்தவர் மற்றொரு காட்சியில் துறவியாக நிற்கிறார்.

மனிதரின் ஆளுமையையும் இவ்வாறு தொடர்ந்து உருவாகிவரும் ஒன்றாகக் காண்பது உளவியலில் மனிதநேய அணுகுமுறை எனப்படும். ஃபிராய்டு ஆளுமையின் வேரை நனவிலி மனத்திலும் குழந்தைப் பருவத்திலும் தேடினார். நடத்தையியலார் அதனைச் சூழல் தரும் பரிசு, தண்டனை ஆகியவற்றின் விளைவாகக் கண்டனர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் எழுந்த மனிதநேய உளவியலாரோ, ஒருவர் தம்மை எவ்வாறு உணர்கிறார், எத்திசையில் வளர விழைகிறார் என வினவினர். அவர்களுள் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளைப் படிநிலைப்படுத்தினார். உணவு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு ஆகியவற்றுக்கு மேலாகத் தன் ஆற்றலை முழுமையாக மலரச் செய்யும் தேவையை வைத்தார்.

கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) தம் இளமைக் காலக் காட்சி ஒன்றை நினைவுகூர்கிறார். குளிர்காலத்திற்காக வீட்டு நிலவறையில் உருளைக்கிழங்குகளைச் சேமித்து வைத்திருந்தனர். மண்ணும் நீரும் இல்லாத அவ்விருளிலும் அவை முளைத்தன. வெளிறி மெலிந்த அம்முளைகள், தொலைவிலிருந்த சிறு சாளரத்தின் ஒளியை நோக்கி இரண்டு மூன்று அடி நீண்டன. அவை ஒருபோதும் செடியாகப் போவதில்லை. ஆயினும் வளர்ச்சியைக் கைவிடவில்லை. கோணலாகத் தோன்றும் மனித நடத்தையிலும் இதே முயற்சியை ரோஜர்ஸ் கண்டார்.

அவ்வாறாயின், வளர்ச்சி ஏன் கோணுகிறது? பட்டு நெசவாளர் இல்லத்தில் பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் வெவ்வேறு நிறம். ஆகவே தந்தையும் தாயும் சேர்ந்து நாடா வீசுகின்றனர். தறிக்குழி தங்களோடு போகட்டும் என்பது அவர்களின் வேண்டுதல். மதிப்பெண் உயர்ந்தால் வீடு மலர்கிறது. குறைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அன்பு குறைந்ததால் அன்று, அச்சத்தால். ஆனால் அவளுக்குப் புரிவது வேறு: ‘மதிப்பெண் இருந்தால்தான் எனக்கு மதிப்பு.’ இதனை ரோஜர்ஸ் மதிப்புக்கான நிபந்தனை என்றார். கட்டத்தாளில் ஆர்வத்தோடு அவள் வரையும் அன்னப்பட்சிப் புட்டாக்கள் இப்போது அவளுக்கே வீண்வேலையாகத் தெரிகின்றன. தான் உணரும் ‘தான்’ ஒன்று, ஆகவேண்டிய ‘தான்’ மற்றொன்று எனப் பிளவு விரிகிறது.

இப்பிளவு குறைய, உள்ளும் புறமும் ஒத்த நேர்மை, பிறர் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையற்ற ஏற்பு ஆகியவை உடைய ஒருவரின் உறவு தேவை என்றார் ரோஜர்ஸ். ஏற்பு என்பது செய்வதையெல்லாம் பாராட்டுவது அன்று. மாணவர் பலர் தேர்வில் பிழையாக எழுதும் இடம் இதுவே. தவற்றைத் தவறு எனக் கூறலாம். அதற்காக அன்பைத் திரும்பப் பெறாதிருப்பதே ஏற்பு.

இவ்வணுகுமுறையின் கருத்துகளை அளந்து சோதிப்பது கடினம் என்றும், தனிமனிதருக்கு மிகை முதன்மை தருகிறது என்றும் திறனாய்வாளர் கூறுவர். குடும்பமே கூடி முடிவெடுக்கும் நம் சூழலில் இரண்டாவது குறை எண்ணத்தக்கது. எனினும், தீர்ப்பு வழங்காமல் செவிமடுத்தலின் பயனை நம் மாநிலத்திலேயே காணலாம். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் நிறுவிய சினேகா அமைப்பின் தன்னார்வலர்கள், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணும் அளவிற்குத் துயருற்றோர் கூறுவதை அறிவுரையோ கண்டனமோ இன்றிக் கேட்கின்றனர். கேட்டதை வெளியே சொல்வதில்லை. தேர்வு முடிவுகளால் கலங்கும் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மனநல உதவி எண்ணான 14416இலும் ஆற்றுப்படுத்துநர் பேசுகின்றனர். 14416ஐக் கட்டணமின்றி இரவிலும் பகலிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.