வேர் தேடும் வீடுகள் – 14: மயிலாடியில் மறைந்திருந்த நெடில்

ஞானஸ்நானத் தொட்டியருகே ஆள்பெயர் மாறிய கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் கன்னியாகுமரி மாவட்டத்து அருமனை வட்டாரத்தின் வீட்டுப்பெயர்களுக்குள் நுழைவதாகப் பேச்சு. ஆனால் வீட்டுக்குப் போகுமுன் ஊர் தெரிய வேண்டும். அந்த ஊர்தான் இந்த வாரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ பாட்டனின் ஊரைத் தேடி வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு பழைய தாள் இருக்கும். சபைப் பதிவேட்டின் நகல், தோட்டத்துச் சான்று, ஏதோ ஒன்று. அதில் ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். கைபேசி வரைபடத்தில் அந்த எழுத்துகளை அப்படியே தட்டினால் ஒன்றும் வராது. எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, தப்பும் தவறுமாக எழுதிவிட்டார் என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த முடிவுதான் தவறு.

மயிலாடியை எடுத்துக்கொள்வோம். பிரஷ்ய நாட்டுக்காரரான ரிங்கல்தௌபே 1806-இல் வந்து சேர்ந்த ஊர். தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் வேரூன்றிய இடம். ஆலயம் 1809-இல் எழுந்தது. மிஷன் நூல்கள் இவ்வூரை எம், ஒய், எல், ஏ, யூ, டி, ஒய் என்று எழுதின. இன்றைய வாசகர் அதை 'மைலௌடி' என்று வாசித்துவிட்டு, அப்படியோர் ஊரே இல்லை என்பார். ஆனால் அந்தக் காலத்தில் 'ஏ'யும் 'யூ'வும் சேர்ந்து வந்தால் பல இடங்களில் அது நம் ஆகாரம். நேபாளத்தையும் போபாலையும்கூட அன்றைய ஆங்கிலத்தில் அதே இரட்டை எழுத்தால்தான் எழுதினார்கள்.

இனி இன்றைய எழுத்துமுறையைப் பாருங்கள். 'மயிலாடி'க்கு ஒற்றை 'ஏ' போதும் என்கிறோம். அது குறிலா நெடிலா என்று ஊர் தெரியாதவருக்கு எப்படி விளங்கும்? இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய 'தப்பான' எழுத்தில் நெடில் பத்திரமாக இருக்கிறது. திருத்தமான எழுத்தில் அது தொலைந்துவிட்டது. பழைய எழுத்து, ஊரார் சொன்னதைக் காதால் கேட்டு எழுதியது. இந்த வாரம் முழுக்க மகிழ்வித்த செய்தி இதுதான்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. இந்தியப் பெயர்களை எப்படி எழுதுவது என்பதில் கம்பெனிக் காலத்திலேயே இரண்டு கட்சிகள் இருந்தன. வில்லியம் ஜோன்ஸ் 1788-இல் வெளியிட்ட முறை ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று கறாராக வகுத்தது. கல்கத்தாவில் கோட்டை வில்லியம் கல்லூரியில் இந்துஸ்தானி கற்பித்த கில்கிறிஸ்ட் ஆங்கிலேயர் காதுக்கு ஏற்ற வழியைப் பிடித்தார். அவர் முறையில் குறில் அகரத்துக்கு 'யூ', உகர ஊகாரங்களுக்கு இரட்டை 'ஓ', ஈகாரத்துக்கு இரட்டை 'ஈ'. அதிகாரிகளும் பாதிரிமாரும் பெரும்பாலும் இந்தக் காதுவழியில்தான் போனார்கள். நெய்யூரின் இரட்டை 'ஓ' அப்படி வந்தது.

அகரத்துக்கு 'யூ' வருவது நமக்குப் புதிதும் அல்ல. பஞ்சாபின் முதல் உயிரெழுத்து ஆங்கிலத்தில் 'யூ'. கடலூர் பெயர்ப்பலகையில் இன்றும் 'யூ'தான், கடப்பா பெயர்ப்பலகையிலும் நெடுங்காலம் அதுவே இருந்தது. கறிகூட ஆங்கிலத்தில் 'யூ' போட்டுத்தான் எழுதப்படுகிறது. மூணாறு மலையில் நல்லதண்ணி எஸ்டேட்டின் ஆங்கிலப் பெயர் இன்றைக்கும் என், யூ என்றே தொடங்குகிறது. பெரியவரையிலும் அதே 'யூ' உண்டு. பாட்டன் வேலை பார்த்த தோட்டத்தைத் தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வந்தவர் ஹண்டர். 1871-இல் ஊர்ப்பெயர்களை எழுதுவதற்கென்றே ஒரு கையேடு போட்டார். ஜோன்ஸின் வழிக்கு அரசாங்க முத்திரை விழுந்தது. நெடிலுக்கு எழுத்தின் தலைமேல் ஒரு குறி போட வேண்டும் என்றது விதி. அன்றாட எழுத்தில் அந்தக் குறியை யார் போடுவார்கள்? குறி உதிர்ந்தது, குறிலும் நெடிலும் ஒன்றாயின. ஆகவே தாளில் ஊர்ப்பெயரைப் பார்ப்பதற்கு முன் ஆண்டைப் பார்ப்பது நல்லது. 1870-களுக்கு முந்தையது என்றால் காதால் வாசிக்க வேண்டும். அதற்குப் பிந்தையது என்றால் ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் குறில், நெடில் இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். பெயரெடுத்த ஊர்கள் மட்டும் இந்தச் சீர்திருத்தத்துக்கு அடங்கவில்லை. திருவனந்தபுரமும் கொல்லமும் 1991 வரை வெள்ளைக்காரப் பெயரிலேயே இருந்தன.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு நெருக்கமாக மாற்ற ஆணையிட்டது. கோயம்புத்தூரின் புதிய எழுத்து நீண்டுபோன நீளத்தைப் பார்த்து ஊரெங்கும் வாதம். அந்த மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஜோன்ஸும் கில்கிறிஸ்ட்டும் விட்டுப்போன வழக்கு இன்னும் தீரவில்லை.

அருமனைப் பக்கம் வந்தால் இன்னொரு சிக்கல். திருவிதாங்கூர் அலுவலகம் மலையாளத்தில் ஓடியது. அதனால் அருமனையின் ஐகாரம் ஆங்கிலத்தில் 'அருமன' என்று குறுகி நின்றது. மாங்கோடு, இடைக்கோடு, வெள்ளாங்கோடு, தாலுகாவான விளவங்கோடு எல்லாம் சி, ஓ, டி, ஈ என்று முடிந்தன. அயல்நாட்டில் வளர்ந்த பேரன் அதைக் 'கோட்' என்று ஒரே அசையில் வாசிக்கிறான், ஊராருக்கு விளங்குவதில்லை. ழகரமும் ஒருபடியாக வராது. ஆரல்வாய்மொழி ஊர்வாயில் 'ஆரம்பொழி' என்று தேயும். 1809-இல் திவான் வேலுத்தம்பியை எதிர்த்து வந்த கம்பெனிப் படை அந்த ஓசையைப் பிடித்து, ழகரத்துக்கு வெறும் 'எல்' போட்டு எழுதியது. பின்னாளில் குழித்துறை மலையாள வழக்கப்படி 'இசட் எச்' பெற்றது.

ஒத்த எழுத்து ஏமாற்றவும் செய்யும். திருவட்டாறு அருகே இருக்கும் ஆற்றூரும் சேலத்து ஆத்தூரும் ஆங்கிலத்தில் ஒன்றுபோலவே எழுதப்படலாம். பதிவேட்டில் தாலுகா பெயர் இல்லையென்றால் குடும்பமே இருநூறு மைலுக்கும் மேல் தள்ளிப் போய்விடும். தாலுகா இருந்தாலும் 1956 நவம்பர் 1-ஐ மறக்கக் கூடாது. அன்றுதான் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தன. அதற்கு முந்தைய தாளில் திருவிதாங்கூர் என்றிருப்பதை நம்பிக் கேரளத்தில் மட்டும் தேடுகிறவர்களுக்குக் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கண்ணில் படாது.

செய்ய வேண்டியது எளிது. தாளில் உள்ள பெயரைக் கணினிக்குக் கொடுக்குமுன் அருமனைச் சந்தையில் வயதான ஒருவரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். 'யூ'வை ஒருமுறை அகரமாகவும் ஒருமுறை உகரமாகவும் சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் முஞ்சிறையில் அது உகரம்தான். ஊர் கிடைத்துவிடும். உடனே அவர் அடுத்த கேள்வி கேட்பார்: "எந்த வெளையாக்கும்?"

விளை என்றால் இங்கே தோட்டத்து மனை. ஊருக்கு ஊர் புதுவிளை உண்டு, தெருவுக்குத் தெரு புத்தன்வீடு உண்டு. பதிவேட்டில் ஊர் என்று எழுதப்பட்டது பலசமயம் ஊரே அல்ல, ஒரு விளையின் பெயர். இந்த வாரம் சொல்வதாக இருந்த வீட்டுப்பெயர்கள், அடுத்த இதழில் அங்கிருந்துதான் தொடங்கும்.

(தொடரும்)