லைன் போனாலும் வேலை நிற்காது

சர்வர் எங்கோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு தரவு மையத்தின் குளிரூட்டிய அறையில் இருக்கிறது. நீங்கள் வீட்டில் லேப்டாப்பும் கையுமாக. எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே நுழைந்து, மூன்று மணி நேரம் ஓடக்கூடிய ஒரு கட்டளையைத் தட்டிவிடுகிறீர்கள். இரண்டு மணி நேரம் ஆனபோது வீட்டில் கரண்ட் போகிறது, வை-ஃபை அணைகிறது. சர்வருக்கு ஒரு குறையும் இல்லை. மின்சாரம், வட்டு, நினைவகம், கோப்புகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ஆனாலும் வேலை பாதியில் செத்துவிடுகிறது. இங்கே வை-ஃபை போனதற்கு அங்கே ஓடுகிற புரோகிராம் ஏன் சாக வேண்டும்?

விடை தேடினால் 1970-களுக்குப் போக வேண்டும். யூனிக்ஸ் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வளர்ந்த காலத்தில் டெர்மினல் என்றால் திரை அல்ல, தட்டச்சு இயந்திரம். 1963-இல் வந்த டெலிடைப் 33 என்ற இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துகளைக் காகிதத்தில் கடகடவென்று அடித்துத் தள்ளும். தொலைவில் இருப்பவர்கள் மோடம் வைத்துத் தொலைபேசி வழியாகக் கணினியை அழைப்பார்கள். ஒருவர் முறைப்படி வெளியேறாமல் ரிசீவரை வைத்துவிட்டால் என்ன செய்வது? அவருடைய வேலைகளை அப்படியே விட்டால் விலை உயர்ந்த கணினி நேரம் வீணாகும். அதே லைனில் அடுத்து அழைப்பவர் முந்தையவரின் கணக்குக்குள் போய் நிற்கவும் வாய்ப்புண்டு. ஆகவே மோடத்தின் ஒலி அறுந்ததும், அந்த லைனில் ஓடிய புரோகிராம்களுக்கு இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு சிக்னல் அனுப்பும். யூனிக்ஸ் சிக்னல்களின் பட்டியலில் அதற்கு எண் 1. வேறு ஏற்பாடு எதுவும் செய்துகொள்ளாத புரோகிராம் அதை வாங்கியதும் இறந்துவிடும்.

தொலைபேசி லைன் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. சட்டம் மட்டும் மாறவில்லை. இன்று எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தாலும், யாரோ ரிசீவரை வைத்துவிட்டார் என்றே லினக்ஸ் கெர்னல் நடந்துகொள்கிறது. முதலில், நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குத் தகவல் போகும். பாஷ் போன்ற ஷெல் அதைத் தன் கீழ் ஓடும் வேலைகளுக்கும் கைமாற்றிவிட்டுத்தான் போகும்.

இதற்கு ஒரு பழைய கைவைத்தியம் உண்டு: நோஹப் என்ற கட்டளை. அந்தச் சிக்னலைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று புரோகிராமுக்குச் சொல்லி அனுப்புவது. வேலை சாகாது, சரி. ஆனால் பாதியில் அது ‘இந்தக் கோப்பை அழிக்கட்டுமா?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. திரும்பி வந்து பேச்சைத் தொடரவும் வழியில்லை.

பேச்சைத் தொடர வேண்டுமானால் யாராவது ஒருவர் லைனைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். யூனிக்ஸில் அதற்கு வசதி செய்துகொடுத்தது போலி டெர்மினல். கெர்னல் ஒரு ஜோடி முனைகளை உருவாக்கித் தரும். ஒரு முனையில் இருக்கும் புரோகிராம், தனக்கு எதிரே உண்மையான டெர்மினல் இருப்பதாகவே நம்பும். ‘உன் அகலம் எத்தனை எழுத்து?’ என்று கேட்கும். கடவுச்சொல் அடிக்கும்போது எழுத்துகளைக் காட்டாதே என்று உத்தரவும் போடும். மறுமுனையில் இயந்திரம் எதுவும் கிடையாது, இன்னொரு புரோகிராம்தான் இருக்கிறது. உங்கள் கணினியில் திறக்கும் கறுப்பு டெர்மினல் சன்னலும் இப்படித்தான் ஓடுகிறது, எஸ்எஸ்ஹெச்சும் இப்படித்தான். எஸ்எஸ்ஹெச்சில் மறுமுனையைப் பிடித்திருப்பவர் இணைப்பு அறுந்ததும் கையை விட்டுவிடுகிறார், அவ்வளவுதான் பிரச்சினை. இணைப்பு இருந்தாலும் போனாலும் அசையாத ஒருவர் கையில் அந்த முனையைக் கொடுத்துவிட்டால்?

அந்த வேலையைச் செய்பவைதான் டெர்மினல் மல்டிபிளெக்சர்கள். அவற்றில் நெடுங்காலம் கோலோச்சியது ஸ்க்ரீன். 1987-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லாவ்மன், கார்ஸ்டன் போர்மன் இருவரும் எழுதியது. அப்போது மேசையில் இருந்தவை பெரும்பாலும் 1978-இல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 வகைத் திரைகள்: 24 வரி, வரிக்கு 80 எழுத்து. (அந்த 80-ம் 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் மிச்சம், கணினி உலகில் எதுவும் எளிதில் சாவதில்லை.) பல சன்னல்கள் வேண்டுமென்றால் தனி வன்பொருள் வேண்டும். பெல் ஆய்வகத்தில் ராப் பைக்கும் பார்ட் லொகாந்தியும் செய்த பிளிட் அப்படிப்பட்ட ஒரு டெர்மினல். அது எல்லோர் மேசைக்கும் வராது. ஸ்க்ரீனோ இருக்கிற ஒற்றைத் திரையிலேயே பல செஷன்களை மாற்றி மாற்றிப் பார்க்க வைத்தது.

இன்று அதிகம் பேசப்படுவது டிமக்ஸ். நிக்கோலஸ் மேரியட் 2007-இல் தொடங்கியது. 2009-இல் ஓப்பன்பிஎஸ்டி 4.6 இயங்குதளத்திலேயே சேர்ந்துவிட்டது. ஸ்க்ரீனுக்குக் கட்டளையிட முதலில் கண்ட்ரோல்-ஏ அழுத்த வேண்டும், டிமக்ஸுக்குக் கண்ட்ரோல்-பி. விரலுக்கு எட்டாத அந்த பி-யை ஏன் வைத்தார்கள் என்று திட்டாதவர் குறைவு. காரணம் எளிது: டிமக்ஸின் முதல் வடிவம் ஸ்க்ரீனுக்குள் ஓடியபடியேதான் உருவானது, இரண்டும் ஒரே சாவிக்கு மோதிக்கொள்ளக் கூடாதே!

டிமக்ஸ் என்று தட்டியதும் இரண்டு புரோகிராம்கள் எழுந்திருக்கின்றன. ஒன்று உங்கள் திரையோடு பேசும் கிளையண்ட். மற்றது, எந்த லைனோடும் ஒட்டாமல் பின்னணியில் போய் உட்கார்ந்துகொள்ளும் சர்வர். போலி டெர்மினல்களின் மறுமுனை எல்லாம் இந்தச் சர்வரின் கையில். வை-ஃபை போனால் சாவது கிளையண்ட் மட்டும். வெளியூர் போனவருக்கு வரும் தபாலை வாங்கி அடுக்கிவைக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் போல, புரோகிராம் எழுதுவதை எல்லாம் சர்வர் வாங்கிவைத்துக்கொண்டே இருக்கும். வழக்கமான அமைப்பில், மேலே நகர்ந்து மறைந்த வரிகளில் 2,000 வரை அதன் நினைவில் நிற்கும்.

சும்மா வாங்கிவைப்பதும் இல்லை. சிவப்பு நிறத்தில் எழுது, திரையைத் துடை, கர்சரை மேலே கொண்டுபோ என்று புரோகிராம்கள் விடி100 காலத்து ரகசிய எழுத்துத் தொடர்களை இன்னமும் அனுப்புகின்றன. டிமக்ஸ் ஒவ்வொன்றையும் படித்து, எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து, என்ன நிறம் என்று ஒரு கண்ணுக்குத் தெரியாத திரையைத் தன் நினைவில் வரைந்து வைத்திருக்கிறது. நீங்கள் திரும்பி வரும்போது அதை உங்கள் திரையின் அளவுக்கு மறுபடி வரைந்து காட்டும். ஒரே திரையைப் பிரித்து இரண்டு புரோகிராம்களை அருகருகே வைக்கவும் முடியும்: 80 எழுத்து அகலத்தை இரண்டாகப் பிரித்தால் நடுக்கோட்டுக்கு ஒன்று போக, ஒரு பக்கத்துக்கு 40, மறுபக்கத்துக்கு 39. இரு பக்கத்துப் புரோகிராம்களுக்கும் ‘உன் அகலம் மாறிவிட்டது’ என்று வேறொரு சிக்னல் போகும். விம் போன்ற எடிட்டர்கள் உடனே தம்மைச் சுருக்கி வரைந்துகொள்ளும்.

டிமக்ஸைப் புகழ்கிறவர்கள் வழக்கமாகக் காட்டுவது ஆறு கட்டங்களாகப் பிளந்த வண்ணத் திரையைத்தான். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் திரையைப் பிளக்கும் வித்தை இன்று எத்தனையோ டெர்மினல் மென்பொருள்களில் கிடைக்கிறது. எதற்காக டிமக்ஸ் என்றால், என் கணக்கில், கண்ட்ரோல்-பி அழுத்திப் பிறகு டி அழுத்துவதற்காக. கழன்றுகொண்டு போய்விடலாம். மறுநாள் வேறொரு கணினியிலிருந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ என்றால், விட்ட இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பேர் ஒரே செஷனில் சேர்ந்தால் இருவருக்கும் ஒரே திரை. ஒருவர் தட்டுவதை மற்றவர் பார்க்கலாம். ஒரு பிழையை இருவராகத் தேடும்போது இதன் அருமை தெரியும்.

ஆள் போன பிறகும் அவர் வேலை உயிரோடு இருக்கலாமா என்ற பழைய கேள்வி முடிந்துபோனது என்று நினைத்தால், 2016 மே மாதம் அது திரும்பி வந்தது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, தன் 230-ஆம் பதிப்பில், பயனர் வெளியேறியதும் அவருடைய எல்லாப் புரோகிராம்களையும் கொன்றுவிடுவதை வழக்கமான நடத்தையாக்கியது. வெளியேறிய பின்னும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் குப்பைகளைப் பெருக்குவது நோக்கம். பெருக்கியதில் டிமக்ஸும் ஸ்க்ரீனும் சேர்ந்து போயின. கூச்சல் எழுந்தது, டெபியன் லினக்ஸ் தன் தொகுப்பில் அந்த நடத்தையை அணைத்துவைத்தது. சிஸ்டம்டி ஆட்களின் கவலை நியாயமானதுதான். ஆனால் மறந்துபோன வேலைக்கும் வேண்டுமென்றே விட்டுப்போன வேலைக்கும் வித்தியாசம் தெரியாத துடைப்பம் ஆபத்தானது.

டிமக்ஸ் காப்பது லைன் அறுவதிலிருந்து மட்டும்தான். அதன் சர்வரும் நினைவகத்தில் ஓடும் ஒரு சாதாரணப் புரோகிராம். அது ஓடும் கணினியே மறுதொடக்கம் ஆனால் எல்லாச் செஷன்களும் போய்விடும். மாதக்கணக்கில் ஓட வேண்டியதைச் சேவையாக எழுதிச் சிஸ்டம்டியிடமே ஒப்படைப்பது முறை. அங்கே அது விழுந்தாலும் தானாக எழுந்திருக்க ஏற்பாடு செய்யலாம். இன்று தொடங்கி நாளை முடிகிற வேலைக்கு, நடுவில் எட்டிப் பார்த்து இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய வேலைக்கு, டிமக்ஸ் போதும். ஒன்று மட்டும்: கட்டளையைத் தட்டுவதற்கு முன்பே அதற்குள் நுழைந்திருக்க வேண்டும்.