மேசை மீதிருந்த மணிக்கூடு

உங்கள் வீட்டுச் சுவரிலும் தொழுகை நேர அட்டவணை ஒன்று தொங்கும். அதைப் பார்க்கிறோம், மணிக்கூட்டைப் பார்க்கிறோம், தொழுகைக்கு எழுகிறோம். அந்த நிமிடக் கணக்கின் பின்னே எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது என்று நினைப்பதில்லை. அவர்களில் ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல ஒரு பழைய ஓவியம் இருக்கிறது.

துருக்கி சுல்தான் மூன்றாம் முராதின் காலத்தைப் பாடும் 'ஷாஹின்ஷாஹ் நாமா' என்ற பாரசீகக் காவியத்தின் கைப்பிரதி இஸ்தான்பூல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அதில் ஒரு பக்கம் முழுவதும் ஒரு வானாய்வுக் கூடம். தலைப்பாகை கட்டிய ஆலிம்கள் நீண்ட மேசையைச் சுற்றிக் கூடியிருக்கிறார்கள். ஒருவர் கையில் உஸ்துர்லாப். இன்னொருவரிடம் கோணம் அளக்கும் கால்வட்டக் கருவி. வேறொருவர் கவராயத்தை விரித்துக் கோடு கீறுகிறார். மேலே தட்டில் கிதாபுகள், கீழே ஒரு பூகோள உருண்டை. மேசை மீது ஒரு மணிக்கூடு. என் கண் முதலில் போய் நிற்பது அந்த மணிக்கூட்டில்தான்.

அக்கூடத்தின் தலைவர் தகியுத்தீன். டமஸ்கஸில் பிறந்தவர், மார்க்கக் கல்வி கற்றுக் காழியாகத் தீர்ப்பு வழங்கியவர். பள்ளிவாசலில் தொழுகை வக்துகளைக் கணித்துச் சொல்பவருக்கு 'முவக்கித்' என்று பெயர். அப்பணியும் அவருக்குப் பழக்கம். சக்கரங்களால் ஓடும் மணிக்கூடுகளைச் செய்யும் முறை பற்றி 1559ல் அரபியில் ஒரு நூலை முடித்தார்.

வானத்தைப் பார்ப்பவருக்கு மணிக்கூடு எதற்கு? வானம் 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுவதாகத் தெரிகிறது. அப்படியானால் ஒரு பாகைக்கு நாலு நிமிடம். ஒரு நட்சத்திரம் உச்சிக்கோட்டைத் தாண்டியபின் அடுத்தது எத்தனை நிமிடத்தில் தாண்டுகிறது என்று குறித்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கிடைத்துவிடும். ஒரு நிமிடம் பிசகினால் கால் பாகை பிழை. ஆகவே மணித்தியாலம், நிமிடம், செக்கன் என மூன்று முகப்புகள் உள்ள மணிக்கூட்டை அவர் செய்வித்தார். அவருடைய 'செக்கன்' நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நம்முடைய 12 செக்கன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நிமிட முள்ளே அபூர்வமாயிருந்த காலம் அது!

தொலைநோக்கியையும் இவரே கண்டுபிடித்தார் என்று நம்மவர் சிலர் எழுதுகிறார்கள். ஒளியையும் பார்வையையும் பற்றி 1574ல் அவர் நூல் எழுதியது உண்மை. ஆனால் தொலைநோக்கி ஒல்லாந்தில் வெளிவந்தது 1608ல். ஓவியத்தில் அதைக் காணவும் இல்லை. குறிபார்க்கும் கருவிகளும் வெறுங்கண்ணும்தான். இல்லாத பெருமையைச் சேர்த்தால் உள்ள பெருமைக்கும் மதிப்புக் குறைகிறது என்பது என் எண்ணம்.

கூடம் 1577ல் இயங்கத் தொடங்கியது. அவ்வருடமே வானில் பெரிய வால்வெள்ளி தோன்றியது. டென்மார்க்கில் டைக்கோ பிராகே அதை அளந்து, அது சந்திரனுக்கும் அப்பால் உள்ளது என்று காட்டினார். தகியுத்தீனோ, அது சுல்தானுக்கு வெற்றியின் அறிகுறி என்று பலன் சொன்னார். அங்கேதான் அவர் சறுக்கினார் என்பேன். அடுத்து வந்தது கொள்ளைநோய். பெரிய மனிதர்கள் சிலரும் இறந்தார்கள். வானத்தின் இரகசியங்களைத் துருவுவது நாட்டுக்கு ஆபத்து என்று ஷைகுல் இஸ்லாம் காழிஸாதா சுல்தானிடம் முறையிட்டார். அரண்மனைக் கட்சிப் போட்டியும் அதில் கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். இருந்தாலும், வக்துக் கணக்கு அறிந்த ஓர் ஆலிமின் கூடத்தை இடிக்கச் சொன்னவரும் ஓர் ஆலிமே. கிதாபு ஓதிக்கொடுக்கும் எனக்கு இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

1580 ஜனவரி 22ல் கூடம் இடிக்கப்பட்டது. மூன்று வருடங்கள்கூட அது ஒழுங்காக இயங்கவில்லை. தகியுத்தீன் 1585ல் மௌத்தானார்.

அந்தக் காவியத்தின் கைப்பிரதி நிறைவுற்ற வருடம் 1581. ஓவியத்தில் ஆலிம்கள் இன்னும் குனிந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மணிக்கூடும் மேசை மீது இருக்கிறது. நூல் சுல்தானின் கைக்குப் போனபோது கட்டடம் இடிந்து ஒரு வருடமாகியிருந்தது.