சிகரெட்டை விட்டதும் கறுக்கும் படம்

சிகரெட்டை விட்டு ஒரு வருடம் ஆனவருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால், நுரையீரல் முன்பிருந்ததைவிடக் கெட்டுப்போனதுபோலத் தெரியலாம். இயந்திரத்தில் கோளாறு இல்லை.

இதை நன்றாகக் காட்டியவர்கள் டென்மார்க்காரர்கள். அங்கே 2004இல் நுரையீரல் புற்றுநோயைத் தேடி ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. புகைப்பவர்களும் விட்டவர்களுமாக 4,104 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வருடந்தோறும் ஸ்கேன். இடையில் சிலர் புகையை விட்டார்கள். அவர்களுடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டபோது, விட்ட கொஞ்ச காலத்திலேயே நுரையீரலின் அடர்த்தி சட்டென்று இறங்கியிருந்தது. அடர்த்தி குறைவது எம்ஃபிசீமாவின் அடையாளம் அல்லவா? காற்றறைகளின் சுவர் சிதைந்து பெரிய பொத்தல்களாகிவிடும் நோய் அது.

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. காற்று கூடக்கூடப் படம் கறுக்கும். மைனஸ் 950க்கும் கீழே போன புள்ளிகளையெல்லாம் கணினி எம்ஃபிசீமா கணக்கில் சேர்த்துவிடும். பொத்தலா, இல்லையா என்று அது யோசிப்பதில்லை; எண்ணைத்தான் பார்க்கும்.

புகைப்பவரின் நுரையீரலில் காற்று மட்டுமா இருக்கிறது? வீக்கம், கோழை, புகைத்துகளை விழுங்கிப் பழுப்பேறிய மேக்ரோபேஜ் செல்கள் என்று ஒரு பாரம். மேல் மடல்களை உற்றுப் பார்த்தால், தேய்த்த கண்ணாடியில் விரல் பட்டதுபோல மங்கலான சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும். நுண்ணிய மூச்சுக்குழல்களைச் சுற்றி இந்தச் செல்கள் அடைந்துகிடக்கும் இடங்கள் அவை. இந்தப் பாரம் படத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கிறது, பொத்தல்களையும் மறைக்கிறது. புகை நின்றதும் வீக்கம் வடிகிறது, திட்டுகளும் நாளடைவில் மங்குகின்றன. குளம் வற்றினால் உடைந்த படிக்கட்டு தெரிவதுபோல, ஏற்கெனவே இருந்த சேதம் இப்போது கண்ணுக்குப் படுகிறது. கணினி அதைப் புதுச் சேதமாக எண்ணிவிடுகிறது.

ரிப்போர்ட்டைப் பார்த்து, ‘விட்டும் என்ன பிரயோஜனம்’ என்று மறுபடி பற்றவைக்கிற ஆளை நினைத்தால்தான் எனக்குப் பயம். இரண்டு படங்களை ஒப்பிடும்போது, நடுவில் புகையை விட்டாரா என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையும் கூடவே இருந்தால் நல்லது. புகையை விட்டவருக்கு மூச்சுத்திறன் குறையும் வேகம் தணிகிறது என்பது அந்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

இடிந்த சுவர் திரும்ப எழும்புவதில்லை. அதில் ஒளிவு மறைவு வேண்டாம். ஆனால் மூச்சுக்குழலின் உள்வரிச் செல்கள் கதையே வேறு. இங்கிலாந்தின் சேங்கர் நிறுவனமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் 16 பேரின் செல்களை ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டன. புகையை விட்டவர்களிடம் 40 சதவீதம் வரையிலான செல்களில் மரபணுச் சேதம் மிகக் குறைவு, புகைக்காதவர்களின் செல்கள் மாதிரியே. இத்தகைய செல்களின் பங்கு, இன்னும் புகைப்பவர்களிடம் இருப்பதைப்போல நான்கு மடங்கு. எங்கோ பதுங்கித் தப்பிய ஸ்டெம் செல்கள் புகை நின்றதும் பெருகி இடம்பிடிக்கின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம். கறுத்த அந்த ஸ்கேன் படத்தில் இந்தச் செல்கள் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது.